பந்தயக் காரில் குதிரைத்திறனைவிட எடைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

கேள்வி இதுதான்: பந்தயக் கார் வேகமாகப் போக வேண்டுமென்றால் பெரிய எஞ்சினாகப் பார்த்து வைத்துவிட்டால் போதாதா? பொறியாளர்கள் ஏன் கிராம் கணக்கில் எடையைக் குறைப்பதற்கு இப்படி மெனக்கெடுகிறார்கள்? கூடவே ஒரு துணைக் கேள்வி: சாதாரணக் காரைப் பந்தயத் தடத்தில் ஆசைக்கு ஓட்டுகிற ஒருவர் முதலில் எதில் கை வைக்க வேண்டும், எஞ்சினிலா, எடையிலா?

சின்னக் கணக்கிலிருந்து தொடங்கலாம். 1,000 கிலோ எடையும் 500 குதிரைத்திறனும் உள்ள ஒரு கார். ஒவ்வொரு குதிரைத்திறனும் 2 கிலோவை இழுக்கிறது. இதில் 100 கிலோவைக் குறைத்தால் ஒரு குதிரைத்திறனுக்கு 1.8 கிலோ. எடையைத் தொடாமல் இதே விகிதம் வேண்டுமென்றால் எஞ்சின் 555 குதிரைத்திறன் தர வேண்டும். ஆக, நேர்ப்பாதையில் வேகமெடுக்கும்போது 100 கிலோ குறைத்த காரும் 55 குதிரைத்திறன் கூட்டிய காரும் ஏறக்குறைய ஒன்றுதான். பெரும்பாலான விவாதங்கள் இந்த விகிதத்தோடு நின்றுவிடுகின்றன. ஆனால் இந்த இரண்டு கார்களும் சமமாக இருப்பது அடுத்த வளைவுக்கான பிரேக்கை மிதிக்கும் வரைதான்.

பிரேக் பிடிக்கும்போது எஞ்சினுக்கு வேலை இல்லை. வளைவின் நடுவில் டிரைவர் ஆக்ஸிலரேட்டரைப் பாதிதான் மிதித்திருப்பார், சில சமயம் அதுவும் இல்லை. மோன்ஸா போன்ற அதிவேகத் தடத்தில்கூட ஃபார்முலா 1 கார் ஒரு சுற்றின் ஏறக்குறைய முக்கால் பங்கு நேரம்தான் முழு ஆக்ஸிலரேட்டரில் ஓடும். வளைவுகள் நிறைந்த மொனாக்கோ தடத்தில் அது பாதியைக்கூடத் தொடாது. மீதி நேரமெல்லாம் கூடுதல் குதிரைத்திறன் சும்மா உட்கார்ந்திருக்கிறது. எடை அப்படி இல்லை. வேகமெடுக்கும்போதும் நிறுத்தும்போதும் திருப்பும்போதும் அது கூடவே வருகிறது.

முழு ஆக்ஸிலரேட்டரிலும் எல்லாத் திறனும் தரைக்கு வந்துவிடுவதில்லை. மேலே சொன்ன 500 குதிரைத்திறன் கார் மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரு வளைவை விட்டு வெளியே வருகிறது என்று வையுங்கள். அந்த வேகத்தில் எஞ்சினின் முழுத் திறனையும் சக்கரத்துக்கு அனுப்பினால், காரின் எடையைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான தள்ளுவிசை வரும். பின் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து அதில் பாதியைத் தாங்கினாலே பெரிய விஷயம். மிச்சம் புகையாகப் போகும், இல்லையென்றால் சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் அதை வெட்டிவிடும். அந்த இடத்தில் 50 குதிரைத்திறனைக் கூட்டினாலும் டிரைவர் கால் வைக்கிற விதம்தான் மாறுமே தவிர கார் வேகமாகாது.

லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் பெயரில் ஒரு வாசகம் உலவுகிறது: திறனைக் கூட்டினால் நேர்ப்பாதையில் வேகம் வரும், எடையைக் குறைத்தால் எல்லா இடத்திலும் வேகம் வரும் என்று. சரியான பேச்சுதான். ஆனால் வளைவில் ஏன் வேகம் வருகிறது என்று கேட்டால் பலர் தடுமாறுவார்கள். காரணம், பள்ளிக்கூட இயற்பியல் இங்கே வேறு மாதிரி சொல்கிறது.

பாடப்புத்தகப்படி, கார் கனமாக இருந்தால் அதை வளைவில் திருப்ப அதிக விசை வேண்டும். அதே எடை டயரைத் தரையில் அழுத்துவதால் உராய்வும் அதே அளவு கூடும். இரண்டு பக்கமும் எடை இருப்பதால் அது அடிபட்டுப் போய்விடும். அதாவது 500 கிலோ காரும் 1,500 கிலோ காரும் ஒரே வளைவை ஒரே வேகத்தில் எடுக்க வேண்டும். நடப்பது அப்படி இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தச் சமன்பாட்டில் எங்கே ஓட்டை?

ஓட்டை டயரில் இருக்கிறது. உராய்வுக் குணகம் மாறாத எண் என்று பாடத்தில் வைத்துக்கொள்கிறோம். ரப்பர் அதற்குக் கட்டுப்படுவதில்லை. டயர் மேல் சுமை ஏற ஏற அது தரும் மொத்தப் பிடிமானம் கூடத்தான் செய்கிறது, ஆனால் சுமை கூடும் வேகத்துக்குக் கூடுவதில்லை. ஒரு மாதிரிக் கணக்கு: 300 கிலோ சுமையில் ஒரு டயர் தன் சுமையைப்போல 1.5 மடங்கு, அதாவது 450 கிலோ அளவுக்குப் பக்கவாட்டு விசை தருகிறது. சுமையை 400 ஆக்கினால் அந்த 1.5 என்பது 1.4 ஆக இறங்கிவிடுகிறது, கிடைப்பது 560. எடை மூன்றில் ஒரு பங்கு கூடியது, பிடிமானமோ கால் பங்குகூடக் கூடவில்லை. வளைவில் இதன் விலை சுமார் 3 சதவீத வேகம். லேசான கார் மணிக்கு 120-ல் எடுக்கும் வளைவை இந்தக் கார் 116-ல் எடுக்கும். ஒரு வளைவுக்கு இவ்வளவு என்றால், ஒரு சுற்றில் பத்துப் பதினைந்து வளைவுகள் வரும்.

இன்னொன்றும் நடக்கிறது. வளைவில் காரின் எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்குச் சாய்கிறது. சுமை கூடிய வெளி டயர் மேலே சொன்ன மாதிரி திறமை குறைகிறது. சுமை குறைந்த உள் டயர் கொஞ்சம் திறமை கூடினாலும் அந்த நஷ்டத்தை ஈடுகட்ட அதனால் முடியாது. எவ்வளவு எடை சாய்கிறது என்பதைக் காரின் எடையும், எடைமையம் தரையிலிருந்து இருக்கும் உயரமும், சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலமும் முடிவு செய்கின்றன. அதனால்தான் கூரையில் குறைக்கும் ஒரு கிலோவுக்குத் தரையில் குறைக்கும் ஒரு கிலோவைவிட மதிப்பு அதிகம். சில கார்களில் கூரையை மட்டும் கார்பன் ஃபைபரில் செய்வதற்கு இதுதான் காரணம். பார்க்க நன்றாக இருக்கிறது என்பதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை.

இறக்கைகளும் டவுன்ஃபோர்ஸும் உள்ள காரில் லாபம் இன்னும் பெரிது. காற்று காரைக் கீழே அழுத்தும் விசைக்கும் காரின் எடைக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் காற்று 1,000 கிலோ அழுத்தம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 800 கிலோ காரில் டயர்கள் மேல் மொத்தம் 1,800 கிலோ. அந்தப் பிடிமானத்தைக் கொண்டு திருப்ப வேண்டியது 800 கிலோவைத்தான். விகிதம் 2.25. கார் 700 கிலோவாக இருந்தால் 1,700-ஐ வைத்து 700-ஐத் திருப்பலாம், விகிதம் 2.43. அதே இறக்கை, அதே டயர், 8 சதவீதம் கூடுதல் பக்கவாட்டு விசை. இந்த அழுத்தம் இனாமாக வருகிறது, அதைச் சுமந்து திரிய வேண்டியதில்லை.

பிரேக்கிலும் இதே கதைதான். கூடவே வெப்பம் ஒன்று இருக்கிறது. மணிக்கு 300 கிலோமீட்டரில் போகும் காரின் இயக்க ஆற்றல் எடைக்கு நேர் விகிதத்தில் இருக்கும். எடையில் 10 சதவீதம் குறைந்தால் ஒவ்வொரு முறையும் பிரேக் விழுங்க வேண்டிய வெப்பம் 10 சதவீதம் குறையும். அப்போது டிஸ்க்கைச் சிறிதாக்கலாம், பிரேக்கைக் குளிர்விக்கும் காற்றுக் குழாயைச் சுருக்கலாம். அந்தக் குழாய் சுருங்கினால் காற்றுத்தடையும் குறையும். திறனைக் கூட்டினால் எல்லாம் எதிர்த்திசையில் ஓடும். பெரிய எஞ்சினுக்குப் பெரிய ரேடியேட்டர், பலமான கியர்பாக்ஸ், கனமான டிரைவ் ஷாஃப்ட், அதிக எரிபொருள், அந்த எரிபொருளுக்குப் பெரிய டேங்க், இத்தனையையும் நிறுத்தப் பெரிய பிரேக். காகிதத்தில் கூட்டிய 55 குதிரைத்திறனில் ஒரு பங்கு தன்னைச் சுமப்பதற்கே செலவாகிவிடும்.

இதெல்லாம் காகிதக் கணக்கு என்று நினைத்தால் 1970-ல் போர்ஷே செய்ததைப் பாருங்கள். அந்த ஆண்டு அவர்களிடம் 917 இருந்தது. 12 சிலிண்டர், 4.5 லிட்டர், 600 குதிரைத்திறனை நெருங்கும் எஞ்சின், சுமார் 800 கிலோ எடை. லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் எல்லாப் பிரிவுகளையும் சேர்த்து முதலிடம் என்ற வெற்றியைப் போர்ஷேவுக்கு முதன்முதலில் வாங்கிக் கொடுத்தது அதுதான். அதே போர்ஷே, சிசிலித் தீவின் மலைச்சாலைகளில் அப்போது நடந்த டார்கா ஃப்ளோரியோ பந்தயத்துக்கு 917-ஐ நம்பவில்லை. ஒரு சுற்று 72 கிலோமீட்டர், முடிவே இல்லாத வளைவுகள். அதற்காகவே 908/03 என்ற காரைச் செய்தார்கள். 3 லிட்டர், 8 சிலிண்டர், சுமார் 350 குதிரைத்திறன், எடை 550 கிலோவுக்கும் கீழே. ஜோ சிஃபெர்ட்டும் பிரையன் ரெட்மனும் அதில் வென்றார்கள். சில வாரங்களில் நியூர்பர்க்ரிங் 1,000 கிலோமீட்டர் பந்தயத்தையும் அதே வகைக் கார்தான் வென்றது. உலகத்தின் மிகச் சக்திவாய்ந்த பந்தயக் கார்களில் ஒன்றைக் கையில் வைத்திருந்த நிறுவனம், அதைவிட 200 குதிரைத்திறனுக்கு மேல் குறைவான காரைத் தானே தேர்ந்தெடுத்தது. இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

இத்தனைக்கும் 917-ம் கனமான கார் இல்லை. அதன் சட்டகம் மெல்லிய அலுமினியக் குழாய்களால் ஆனது. குழாய்களுக்குள் அழுத்தத்தில் வாயுவை நிரப்பி, அழுத்தம் இறங்கினால் எங்கோ விரிசல் விட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். கியர் லீவரின் தலைக்கு மிக லேசான பால்சா மரம். 1971-ல் லே மானை வென்ற 917-க்கு மக்னீசியச் சட்டகம். தீப்பிடித்தால் அணைப்பது கடினமான அந்த உலோகத்துக்குள் மனிதரை உட்கார வைத்து 24 மணி நேரம் ஓட்டினார்கள் என்பதிலிருந்தே, எடை அவர்களை எவ்வளவு ஆட்டிவைத்தது என்று புரியும்.

அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் தடம் இன்னும் வேடிக்கையான உதாரணம். நான்கே நான்கு வளைவுகள், மற்றதெல்லாம் நேர்ப்பாதை. குதிரைத்திறன் ராஜாவாக இருக்க வேண்டிய இடம். 1961-ல் ஜாக் பிரபாம் அங்கே பின்பக்கம் எஞ்சின் வைத்த ஒரு சிறிய கூப்பர் காரைக் கொண்டுபோனார். 2.7 லிட்டர் எஞ்சின். எதிரே நின்ற முன்-எஞ்சின் கார்களில் 4 லிட்டருக்கும் மேற்பட்ட ஆஃபன்ஹவுசர் எஞ்சின்கள், திறன் எங்கேயோ மேலே. நேர்ப்பாதையில் கூப்பரை எல்லாரும் தாண்டிப் போனார்கள். வளைவில் கூப்பர் அவர்களைப் பிடித்தது. முடிவில் ஒன்பதாவது இடம். நான்கே ஆண்டுகளில், 1965-ல், ஜிம் கிளார்க் ஒரு லோட்டஸில் 200 சுற்றுகளில் 190-ல் முன்னணியில் இருந்து ஜெயித்தார். முன்பக்கம் எஞ்சின் வைத்த கார் அங்கே கடைசியாக ஜெயித்தது 1964-ல். இதில் எஞ்சின் பின்னால் போனதற்கும் பங்கு உண்டு, எல்லாவற்றையும் எடையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஆனாலும் எஞ்சின் பின்னால் போனபோது முன்னாலிருந்து பின் சக்கரம் வரை ஓடிய நீளமான டிரைவ் ஷாஃப்ட்டும் கூடவே மறைந்தது. அதுவும் எடைதான்.

எடையின் விலையை நொடிக் கணக்கில் பார்க்க வேண்டுமென்றால் எரிபொருளைக் கவனியுங்கள். பந்தயம் ஓட ஓட ஒரே கார் தானாக லேசாகிக்கொண்டே வருகிறது, இதைவிட நல்ல சோதனை கிடைக்காது. ஃபார்முலா 1-ல் 10 கிலோவுக்குச் சுற்று ஒன்றுக்குச் சுமார் 0.3 நொடி என்பது பழகிப்போன கணக்கு; தடத்தைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் இருக்கும். 100 கிலோ எரிபொருளோடு கிளம்பும் கார், கடைசிச் சுற்றின் வெற்று டேங்க் நிலையைவிடச் சுற்றுக்கு 3 நொடி மெதுவாக ஓடுகிறது. தகுதிச் சுற்றில் 0.3 நொடி என்பது பல சமயம் வரிசையில் நான்கைந்து இடங்கள்.

இதை முதலில் முறையாகச் சுரண்டியவர் பிரபாம் அணியின் வடிவமைப்பாளர் கோர்டன் மரே. 1982-ல் பாதி டேங்க்கும் மென்மையான டயரும் போட்டுக் காரை அனுப்பி, நடுவில் நிறுத்தி எரிபொருள் ஊற்றும் உத்தியைக் கொண்டுவந்தார். நிற்பதில் இழக்கும் நேரத்தைவிட லேசான காரில் சம்பாதிக்கும் நேரம் அதிகம் என்பது அவர் கணக்கு. 1984-ல் அது தடை செய்யப்பட்டது, 1994-ல் திரும்பி வந்தது, 2010-ல் மறுபடி போய்விட்டது. அந்த எரிபொருள் நிரப்பும் காலத்தில்தான், 2004-ல், மோன்ஸாவில் ரூபன்ஸ் பாரிக்கெல்லோ 1 நிமிடம் 21.046 நொடியில் ஒரு பந்தயச் சுற்றை ஓட்டினார். எஞ்சின்கள் மாறி, ஹைபிரிட் வந்து, திறன் கூடிய பிறகும் அந்தச் சாதனை இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. அப்போது டிரைவரையும் சேர்த்துக் காரின் குறைந்தபட்ச எடை ஏறக்குறைய 600 கிலோ. 2022-ல் அது 798 கிலோ.

எடை குறையும் இடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எல்லாக் கிலோவும் ஒன்றல்ல. சக்கரத்தின் விளிம்பிலுள்ள ஒரு கிலோ, காரோடு சேர்ந்து முன்னே போவதோடு சுற்றவும் வேண்டியிருப்பதால், வேகமெடுக்கும்போது கிட்டத்தட்ட 2 கிலோவாகக் கணக்காகும். தவிர, ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் அந்த எடை மேடுபள்ளத்தில் குதித்து டயரைத் தரையிலிருந்து பிரிக்கும். காரின் மூக்கிலும் வாலிலும் இருக்கும் எடை, திரும்ப ஆரம்பிக்கும்போதும் திரும்பி முடிக்கும்போதும் முரண்டு பிடிக்கும். அதனால்தான் அணிகள் விதி கேட்பதைவிட லேசாகக் காரைக் கட்டிவிட்டு, மிச்சத்தை டங்ஸ்டன் துண்டுகளாகத் தரைத்தட்டில் பதிக்கிறார்கள். டங்ஸ்டனின் அடர்த்தி ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். சின்ன இடத்தில் அடங்கிவிடும். எடையைக் குறைத்துவிட்டு மறுபடி ஏற்றுவது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். எடை எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தாங்களே முடிவு செய்யும் உரிமைக்காகத்தான் அந்தப் பாடு.

குறைந்தபட்ச எடை விதி இருக்கும் இடத்தில் ஏமாற்று வேலையும் இருக்கும். 1982-ல் பிரேசிலில் நெல்சன் பிக்கேவும் கேகே ராஸ்பெர்க்கும் முதல் இரண்டு இடங்களில் வந்து தகுதி இழந்தார்கள். 'பிரேக்கைக் குளிர்விக்க' என்று சொல்லித் தண்ணீர்த் தொட்டியோடு கிளம்புவது, ஆரம்பத்திலேயே தண்ணீரைக் கொட்டிவிட்டு லேசாக ஓடுவது, எடை பார்ப்பதற்கு முன் மறுபடி நிரப்பிக்கொள்வது. இதுதான் தந்திரம். ஏமாற்றாமலே மாட்டிக்கொண்டவரும் உண்டு. 2024-ல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் ஜார்ஜ் ரஸல் ஒரே ஒருமுறை டயர் மாற்றி ஜெயித்தார். எரிபொருளை இறக்கிவிட்டு எடை போட்டால் 796.5 கிலோ. 1.5 கிலோ குறைவு, வெற்றி பறிபோனது.

இனி மறுபக்கம். குதிரைத்திறன் ஜெயிக்கும் இடங்கள் இருக்கின்றன. உச்ச வேகத்தில் காற்றுத்தடைதான் எதிரி, எடைக்கு அங்கே பெரிய பங்கில்லை. அதற்கும் திறன் கஞ்சத்தனமாகத்தான் பலன் தரும்: தேவையான திறன் வேகத்தின் மும்மடியாக ஏறுவதால், 10 சதவீதம் திறன் கூட்டினால் உச்ச வேகம் 3 சதவீதம்தான் கூடும். ஆனால் நேர்ப்பாதை நீளமாக இருந்தால் அந்த 3 சதவீதம் போதும். 1966-ல் லே மானில் முதல் மூன்று இடங்களையும் பிடித்த ஃபோர்டு ஜிடி40 மார்க் 2, 7 லிட்டர் எஞ்சினோடு வந்த கனமான கார். சுமார் 6 கிலோமீட்டர் முல்சான் நேர்ப்பாதை அதற்குச் சொந்த ஊர் மாதிரி. அதன் முடிவில் பிரேக் பிடிப்பதுதான் தலைவலி. பந்தயத்தின் நடுவே டிஸ்க்கையே சட்டென்று கழற்றி மாட்டும் ஏற்பாட்டைச் செய்துதான் சமாளித்தார்கள்.

எடைக்கு வரம்பு வைத்து வேகத்தைக் கட்டலாம் என்று நினைத்த அதிகாரிகளும் ஏமாந்திருக்கிறார்கள். 1934-ல் கிராண்ட் பிரி கார்களுக்கு 750 கிலோ உச்ச வரம்பு வந்தது. இவ்வளவு எடைக்குள் பெரிய எஞ்சின் வைக்க முடியாது என்பது எதிர்பார்ப்பு. ஜெர்மானியர்கள் லேசான உலோகக் கலவைகளில் காரைக் கட்டி, மிச்சப்படுத்திய எடையை எல்லாம் எஞ்சினில் போட்டார்கள். 1937-ல் மெர்சிடிஸ் டபிள்யூ125 அந்த வரம்புக்குள்ளேயே 600 குதிரைத்திறனை நெருங்கியது. இது என் வாதத்துக்கு எதிரான உதாரணம் போலத் தெரியும். ஆனால் அந்தக் குதிரைத்திறனை அங்கே வைக்க முடிந்ததே மற்ற பாகங்கள் லேசானதால்தான்.

லேசாக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. அதை லோட்டஸ் பலமுறை தாண்டியது. 1970-ல் மோன்ஸாவில் பயிற்சியின்போது லோட்டஸ் டிரைவர் யோகன் ரிண்ட் இறந்தார். லோட்டஸ் 72 காரில் முன் சக்கரத்தை பிரேக்கோடு இணைக்கும் ஷாஃப்ட் உடைந்ததில்தான் அந்த விபத்து தொடங்கியது என்று விசாரணை சொன்னது. தடுப்பு வேலி சரியாக அமைக்கப்படாததும் சேர்ந்துகொண்டது. அந்த ஆண்டின் உலகச் சாம்பியன் பட்டம் அவர் இறந்த பிறகுதான் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றைய கார்கள் கனமாக இருப்பதற்கு ஹைபிரிட் பேட்டரியும் பெரிய சக்கரங்களும் காரணம் என்றால், 2018-ல் வந்த, டிரைவரின் தலையைக் காக்கும் டைட்டானிய வளையமான ஹேலோவும், மோதலைத் தாங்கும் பாகங்களும் இன்னொரு காரணம். அந்தக் கிலோக்களைப் பற்றி யாரும் புகார் சொல்லக் கூடாது.

சரி, துணைக் கேள்விக்கு வருவோம். தடத்தில் ஓட்டும் சாதாரணக் கார் என்றால் நான் எஞ்சினைக் கடைசியில்தான் தொடுவேன். முதலில் நல்ல டயர், பிரேக் பேடு, கொதிநிலை அதிகமான பிரேக் ஆயில். அப்புறம் காசு செலவில்லாத எடை: ஸ்டெப்னி, ஜாக்கி, பின் சீட், டிக்கியில் வருடக்கணக்காகக் கிடக்கும் சாமான்கள். இதிலேயே 40, 50 கிலோ போய்விடும். அதற்கு மேல் செலவு செய்ய மனமிருந்தால் லேசான சக்கரம் முதலில், அடுத்து லேசான பேட்டரி, அப்புறம் சைலன்சர். ஏர்பேகையும் சீட் பெல்ட்டையும், அவற்றுக்குச் சமமான பந்தயப் பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் தொடாதீர்கள்.

பெட்ரோலையும் மறக்க வேண்டாம். 50 லிட்டர் டேங்க்கில் சுமார் 37 கிலோ இருக்கிறது, இருபது நிமிட ஓட்டத்துக்கு அது முழுவதும் தேவைப்படாது. அதற்காகப் பெட்ரோல் அளவு காட்டும் முள் சிவப்பைத் தொடும் வரை இறக்கிவிடவும் வேண்டாம். நீளமான வளைவில் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். வளைவை விட்டு வெளியே வரும்போது எஞ்சின் திக்கித் திணறும். பெரும்பாலான சாதாரணக் கார்களில் மூன்றில் ஒரு பங்கு டேங்க் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இருக்காது.